தனித்த இரட்டைக்கு இடம் அதிகம்

உட்காருங்கள், உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் எனக்கு. நீங்களே பாருங்கள், சன்னலோடு ஒட்டிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று. நான் அதிக இடம் அடைக்கிறேனா? இல்லை அல்லவா? அதைத்தான் ஒரு படித்த பெண், எம்.எஸ்ஸி. படித்த பெண், பிள்ளைகள் முன்னால் சொன்னாள். தனியாக இருப்பவர்கள்தான் அதிக இடம் அடைப்பார்களாம். பக்கத்தில் இருப்பவர்களையெல்லாம் நெருக்கித் தள்ளுவார்களாம்.

நீங்களும் மதுரைக்கா? நல்லது. நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், அது இங்கே யாருக்கும் தெரியாது.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் குரூப்பா? காமர்ஸா? தப்பித்தீர்கள். நான் தமிழ் இலக்கியம். பி.ஏ. அந்தக் காலத்தில் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தவள். எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் போன பொங்கல் வரைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இப்போது கேளுங்கள். தனிம வரிசை அட்டவணையில் இடது பக்கமிருந்து வலது பக்கம் போனால் என்ன ஆகும், மேலேயிருந்து கீழே போனால் என்ன ஆகும், எதைக் கேட்டாலும் சொல்வேன். யாரும் சொல்லித்தந்து அல்ல. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்ததனால்.

சங்கரன்கோவிலில் எங்களுக்குச் சொந்த வீடு. சின்ன வீடுதான். முன்னால் ஒரு ஹால், ஒட்டினாற்போல் சமையலறை, பின்னால் ஓர் அறை. என் வீட்டுக்காரர் போனபிறகு நானும் மகன் உமாபதியும். அவன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறான். நான்கு வருஷத்துக்கு முன்னால் திருச்சிப் பக்கம் பெண் எடுத்தோம். சுபாஷிணி. நல்ல பெண், நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தையா? இன்னும் இல்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாரத்துக்கு ஒரு தரம் கேட்பேன், அவ்வளவுதான்.

வந்த பெண் சும்மா இருக்கவில்லை. ஹாலில் ஒரு கரும்பலகை மாட்டி, ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் என்று ஆரம்பித்தாள். முதலில் நான்கைந்து பேர். பிறகு வாசலெல்லாம் செருப்பு. சாயங்காலம் ஆனால் என் ஹாலில் எனக்கு இடமில்லை. டி.வி. கிடையாது, சாய்வு நாற்காலி கிடையாது. சமையலறையில் ஒரு முக்காலி, எதிரே குக்கர். அங்கேதான் என் குடியிருப்பு. அதற்கு முன்னால் சாயங்காலங்களில் வீடு எப்படி அமைதியாக இருக்கும் தெரியுமா? கடிகாரம் அடித்தால் திடுக்கிடும். அவ்வளவு அமைதி. அதையெல்லாம் கெடுத்துவிட்டார்கள்.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொங்கல் கழிந்து ஒருநாள் சாப்பிடும்போது உமாபதி சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்கிறான்.

"ம்மா, ஹால் பத்தல. ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு வருது. பெரிய ஹாலு. டியூஷன் இன்னும் கொஞ்சம் சேந்தா அங்க மாறிரலாம்னு சுபா நினைக்கா."

சுபா நினைக்கிறாள்! இவன் நினைக்கவில்லையாம். இவனைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? அந்த அட்டவணையில் ஹைட்ரஜன் என்று ஒன்று இருக்கிறது. அதை இந்த ஓரத்தில் வைப்பதா அந்த ஓரத்தில் வைப்பதா என்று இன்னும் தகராறாம். இரண்டு பக்கத்துக் குணமும் இருக்கிறதாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அதைச் சொன்னபோது, கையில் இருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டேன். உமாபதி! வேறு யார்?

அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த வீட்டைவிட்டு யாரும் போகக் கூடாது என்று. டியூஷன் நடக்கட்டும், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? சின்னதாக நடக்கட்டும். ஹால் கொள்ளுகிற மட்டும்.

பிப்ரவரியில் திருப்புதல் ஆரம்பித்தது. திருப்புதல் என்றால் உங்களுக்குத் தெரியுமே, புதிதாக ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள். பழைய பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை ஒப்பிக்கவைப்பது. ஆவர்த்தனப் பண்புகள் ஒருநாள், வேதிப் பிணைப்பு ஒருநாள், மறுபடி ஆவர்த்தனம், மறுபடி பிணைப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மனுஷி இருக்கிறாளே, அவளுக்கும் காது இருக்கிறதே என்று யாராவது நினைத்தார்களா?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மாமியார் என்னிடம் நேரடியாக ஒரு சுடுசொல் சொன்னதில்லை. எல்லாம் ஜாடைதான். என்மேல் கோபம் என்றால் பூனையைத் திட்டுவார். அரிசிப் பானையிடம் முறையிடுவார். நான் துடைப்பத்திடம் பதில் சொல்வேன். நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடச் சண்டை போட்டதில்லை, வீட்டுச் சாமான்கள்தான் போட்டுக்கொண்டன. அப்படிப் பழகிய காது இது. ஜாடை என்றால் பத்து அடி தூரத்தில் கண்டுபிடித்துவிடும்.

ஆகவே, முதல்நாளே கண்டுபிடித்துவிட்டேன்.

அவள் சொல்கிறாள், "ஒரு வரிசையில இடமிருந்து வலமா போகப் போக அணுவோட அளவு சின்னதாயிட்டே வரும். ஏன்? நடுவுல இருக்கிற அணுக்கருவோட பலம் கூடிக்கிட்டே போகுது. ஆனா கூடு அதே கூடுதான், புதுசா கூடு வரல. அப்ப வெளிய இருக்கிற எலக்ட்ரானெல்லாம் உள்ள உள்ள இழுபடும். எழுதிக்குங்க."

வீட்டு நடுவில் பலமாக ஒன்று உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் இழுத்துப் பிடிக்கிறது, இருப்பவர்கள் ஒடுங்கிப்போகிறார்கள். அதே கூடுதான், புதுக் கூடு வரவில்லை. இது பாடமா? சொல்லுங்கள், இது பாடமா?

நான் குக்கர் மூடியிடம் சொன்னேன், கொஞ்சம் உரக்கத்தான். "இழுக்கட்டும், இழுக்கட்டும். எத்தனை நாளைக்குன்னு பாப்போம்."

அந்தப் பக்கம் பேனாக்கள் ஓடுகிற சத்தம்.

அன்றிலிருந்து தினமும். அவள் பலகையில் எழுதுவாள், நான் பாத்திரத்திடம் பேசுவேன். மேலேயிருந்து கீழே போனால் கூடுகள் கூடும், வெளியே இருக்கிற எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் தூரம் அதிகம், ஆகவே சுலபமாகக் கழற்றிவிடலாம் என்றாள். "தூரமாப் போனாத்தானே கழட்டிக்கிட்டுப் போக வசதி" என்று நான் தோசைக்கல்லிடம் சொன்னேன். பிள்ளைகளில் காளிராஜ் என்று ஒருவன். படிப்பில் சுமார், குரல் மட்டும் மைக் செட். அவன் கேட்கிறான், "மிஸ், ஆச்சி சொன்னதையும் எழுதணுமா?" ஆச்சியாம்! எனக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சிரிப்புதான் கேட்டது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வார்த்தைகள்! யார் இந்தப் பெயர்களையெல்லாம் தமிழில் வைத்தார்களோ, கையெடுத்துக் கும்பிடலாம். எலக்ட்ரான் நாட்டம். ஈதல் சகப்பிணைப்பு. நாட்டம் என்கிற சொல்லைப் பாட்டில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கும் நாட்டம் என்று பெயர், ஆசைக்கும் நாட்டம் என்று பெயர். அது போய் ஓர் அணுவுக்கு இருக்கிறது என்றால்! புளியைக் கரைத்துக்கொண்டே அந்தச் சொற்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் புளி கரைத்த தண்ணீரைச் சாய்த்துவிட்டுச் சக்கையைக் குழம்பில் போட்டேன். அது அவள் தப்பு.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. தண்ணீர்ப் பாடம். தண்ணீரில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜனிடம் நான்கு ஜோடி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இரண்டு ஜோடி ஹைட்ரஜன்களோடு பிணைந்திருக்கின்றன. மீதி இரண்டு ஜோடி யாரோடும் சேராமல் தானாகவே இருக்கின்றன. அதற்குத் தனித்த இரட்டை என்று பெயர். கேளுங்கள், தனித்த இரட்டை! இரண்டு இருந்தும் தனி, தனியாக இருந்தும் இரண்டு. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. என் வீட்டுக்காரர் படத்துக்குக் காலையில் ஒரு டம்ளர் காப்பி வைப்பேன், ஆறினபிறகு நான் குடிப்பேன். யாராவது வெளியிலிருந்து பார்த்தால் ஒருத்திதான் காப்பி குடிக்கிறாள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்படி நான் உருகிப்போய் நிற்கும்போது அவள் சொல்கிறாள். "இந்தத் தனித்த இரட்டை இருக்கே, இதுதான் அதிக இடம் அடைக்கும். பிணைஞ்சிருக்கிறதுங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒழுங்கா கட்டுப்பாடா இருக்கும். தனியா இருக்கிறது பரந்து உக்காந்துக்கும். பிணைப்பு இரட்டைகளப் போட்டு நெருக்கும். அதனாலதான் தண்ணியில கோணம் சுருங்கிடுது."

புரிகிறதா? நான் பரந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் நெருக்கடியில் இருக்கிறார்கள். கோணம் சுருங்கிவிட்டது!

கரண்டியைக் கீழே வைத்தேன். குக்கருக்குத் தெரியும், அன்றைக்கு நான் எந்தக் குரலில் பேசினேன் என்று. "அடைச்சா என்ன? அதுக்கு வேற போக்கிடம் ஏது?"

அந்தப் பக்கத்தில் பேனாக்கள் ஓடின. அவள் அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டாள். உள்ளே வந்து, "அத்தை, நான் காய் நறுக்கவா?" என்றாள். ஜாடை பேசிவிட்டு வந்து காய் நறுக்குகிறாளாம். "வேண்டாம்மா, கத்தி கூரு" என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஜாடைதான். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. திருச்சிக்காரர்களுக்கு எல்லாவற்றையும் நேராகச் சொன்னால்தான் ஏறும்.

நானும் சும்மா இருப்பேனா? வாய்ப்புக்குக் காத்திருந்தேன். ஃபுளூரின் வந்தது. இருக்கிறதிலேயே எலக்ட்ரானை இழுப்பதில் பெரிய கை ஃபுளூரின்தான். இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொண்ட எலக்ட்ரானைக்கூடத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அது யார் என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து வந்தது அது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். வெளியிலிருந்து புதிதாக ஓர் எலக்ட்ரான் வருகிறது, அதை உள்ளே சேர்த்துக்கொள்வதில் யாருக்கு நாட்டம் அதிகம்? ஃபுளூரினுக்கு என்றுதானே சொல்வீர்கள்? எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். தப்பு. குளோரினுக்குத்தான் அதிகம்.

இதை அவள் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். கட்டாயம் பரீட்சையில் வரும் என்று தினமும் அடித்துச் சொல்வாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வாள். "ஃபுளூரின் ரொம்பச் சின்னது. உள்ள இருக்கிற எலக்ட்ரானே ஒண்ண ஒண்ணு இடிச்சிக்கிட்டு இருக்கு. புதுசா ஒண்ணு வந்தா அதத் தள்ளும். குளோரின் பெருசு, தாராளமா இடம் இருக்கு. யாராவது ஃபுளூரின்னு எழுதினீங்க, வாசலுக்கு வெளிய நிக்க வச்சிருவேன்."

வீடு சின்னது, வந்தவளை இடிக்கிறார்கள், பெரிய வீட்டுக்குப் போனால் தாராளமாக இருக்கலாம். ஸ்டேஷன் பக்கத்து வீடு! நான் விளக்கமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். "சின்ன வீடா இருந்தாலும் அது சொந்த வீடு. வாடகை வீட்டுக்குப் போறவுக போகட்டும்."

மாசி பாதியில் பள்ளிக்கூடத்தில் திருப்புதல் தேர்வு வைத்தார்கள். விடைத்தாள் திருத்துகிற டென்சிங் சார் நாசரேத்துக்காரர், நெடுநெடுவென்று இருப்பார். ஒரு சாயங்காலம் கக்கத்தில் விடைத்தாள் கட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நான் சமையலறைக் கதவிடுக்கில் நின்றேன்.

"டீச்சர், ஒரு சந்தேகம். ஒங்க டியூஷன் பிள்ளைய மட்டும் ஏதோ புது பாடப்புத்தகம் படிக்காவளா?"

"இல்லையே சார். ஏன்?"

அவர் ஒரு தாளை எடுத்தார். "காளிராஜ். கேள்வி, வரிசையில் செல்லும்போது அணு ஆரம் ஏன் குறைகிறது? விடை, 'அணுக்கருவின் மின்சுமை கூடுவதால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் உள்நோக்கி இழுக்கப்படுகின்றன. இழுக்கட்டும், இழுக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். எனவே அணு ஆரம் குறைகிறது.'"

சுபாஷிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இரிங்க. முத்துச்செல்வி. 'ஃபுளூரின் அளவில் சிறியது என்பதால் குளோரினுக்கே எலக்ட்ரான் நாட்டம் அதிகம். சின்ன வீடாக இருந்தாலும் அது சொந்த வீடு. வாடகை வீட்டிற்குச் செல்பவர்கள் செல்லட்டும்.' எல்லாப் பயலும் இதத்தான் எழுதிருக்கான், டீச்சர். ஒரு எழுத்து பிசகல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான். திருப்புதலில் என்ன காதில் விழுந்தாலும் அது விடை. எது பாடம், எது குக்கருக்குச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் பேச்சில் சொன்னதைச் 'செல்பவர்கள் செல்லட்டும்' என்று எழுத்துத் தமிழாக மாற்றி வேறு எழுதியிருக்கிறது முத்துச்செல்வி. நல்ல பிள்ளை.

டென்சிங் சார் இன்னொரு தாளை எடுத்தார். "இது தண்ணியப் பத்தி. 'தனித்த இரட்டை அதிக இடம் அடைக்கும். அடைத்தால் என்ன, அதற்கு வேறு போக்கிடம் ஏது?'"

அதை வாசித்துவிட்டு ஏனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அப்போதுதான் வற்றல் தாளித்திருந்தேன், அந்த நெடி. சுபாஷிணிக்கும் கண் கலங்கியிருந்தது. வற்றல் நெடி பொல்லாதது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முடிந்தது என்று நினைத்தேன். சார் கோபத்தில் நாலு வார்த்தை சொல்வார், ஊரெல்லாம் பேச்சாகும், பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், ஹாலே போதும் என்று ஆகிவிடும். நான் அதற்காக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தானாக நடக்கிறதை ஏன் தடுக்க வேண்டும்?

அவர் சொல்கிறார், "சப்ஜெக்ட் பூரா சரியாத்தான் இருக்கு. கூட இருக்க வசனத்த அடிச்சிட்டு முழு மார்க் போட்டுட்டேன். இந்தக் காளிராஜ் பய வருஷம் பூரா சிறுசு பெருசுன்னு மாத்தி எழுதிட்டு இருந்தான். இப்ப ஒண்ணுகூடத் தப்பல. ஆனா பப்ளிக்ல வேற ஊரு சார் திருத்துவாரு. அங்க இந்த வசனமெல்லாம் எழுதப்படாது, சொல்லி வைங்க." போகிறபோது சமையலறைப் பக்கம் பார்த்து, "ஆச்சி, வாரேன்" என்றார். அவரும் ஆச்சி!

மறுவாரம் என்ன நடந்தது? பேச்சானது, நான் நினைத்தபடியே. ஆனால் வேறு மாதிரிப் பேச்சு. அந்த டியூஷனில் பாடம் ஒரு பக்கம் நடக்கிறது, சமையல்கட்டிலிருந்து ஆச்சி அதற்கு உரை சொல்கிறாள், ஒரு தரம் கேட்டால் மறக்கவே மறக்காது என்று. புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஹாலில் இடமில்லாமல் சமையலறை நிலைப்படியில் ஒருத்தி, கையில் நோட்டோடு, என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். நான் உப்பு எடுக்கப் போனால் பேனா மூடியைத் திறக்கிறாள். இப்படி இருந்தால் மனுஷி எப்படி ஜாடை பேசுவது?

அதோடு வீடும் முடிவானது. முன்பணம் கொடுத்தாயிற்று. நான் கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். "பங்குனி பிறந்தா வீடு மாறக் கூடாதுப்பா, சித்திரையில பாத்துக்கலாம்" என்றேன் உமாபதியிடம். சித்திரைக்குள் மனசு மாறிவிடும் என்று. அவன் என்ன செய்தான்? "நல்லவேள சொன்னீங்கம்மா" என்று மாசி முடிவதற்குள் வண்டி சொல்லிவிட்டான்.

என்னைக் கூப்பிட்டார்களா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டார்கள். அது கூப்பிடுகிற விதமா? உமாபதி செருப்பை மாட்டிக்கொண்டே, "ம்மா, நீங்களும் வாங்களேன்" என்கிறான். டீக்கடைக்குக் கூப்பிடுவது மாதிரி. சுபாஷிணி வந்து, "அத்தை, அங்க கிச்சன் பெருசு, ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல சுவரே இல்ல" என்றாள். அதாவது நான் அங்கேயும் அடுப்படியில்தான், அதுவும் எல்லார் கண்ணுக்கும் முன்னால். நான் இரண்டு பேரிடமும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்கட்டும் என்று இருந்தேன். மனுஷர்கள் இன்னொரு தரம் கேட்க மாட்டார்களா?

கேட்கவில்லை. பழைய வீட்டில் கடைசி வகுப்பு. அன்றைக்கு அம்மோனியா. அதில் நைட்ரஜனிடம் ஒரே ஒரு தனித்த இரட்டை உண்டு. தண்ணீரில் போலவே அது மற்றவர்களை நெருக்கும். அப்போது ஒரு ஹைட்ரஜன் அயனி வெறுங்கையோடு வருகிறது. அதனிடம் ஓர் எலக்ட்ரான்கூட இல்லை. நைட்ரஜன் தன்னிடம் இருந்த தனித்த இரட்டையை அப்படியே அதோடு பகிர்ந்துகொள்கிறது. அதுதான் ஈதல் சகப்பிணைப்பு.

சுபாஷிணி அன்றைக்குப் பலகையைப் பார்த்துப் பேசவில்லை. சமையலறைக் கதவருகில் வந்து நின்றுகொண்டு பேசினாள், எனக்கு நன்றாகக் கேட்டது. "சேந்ததுக்கு அப்புறம் அது தனித்த இரட்டை இல்ல. நாலும் சமம். யாரும் யாரையும் தள்ள வேண்டாம், கோணம் சரியாயிடும். ஆனா அது வந்து சேரணும். அது சேந்தாத்தான் எல்லாருக்கும் இடம் இருக்கும்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கேட்டுச்சா?" என்றாள். பிள்ளைகள் "கேட்டுச்சு மிஸ்" என்றார்கள்.

நல்ல பாடம்தான். நன்றாகவே சொன்னாள். ஆனால் அன்றைக்கு ஜாடை கீடை ஒன்றும் இல்லை. வெறும் அம்மோனியாவைப் பற்றியது, அதனால் நானும் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏனோ கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றிருந்துவிட்டுப் போனாள்.

முந்தாநாள் வண்டி வந்தது. கரும்பலகை போயிற்று. நேற்றுச் சாயங்காலம் நான் ஹாலில் உட்கார்ந்தேன். சாய்வு நாற்காலி, டி.வி., எல்லாம் எனக்குத்தான். டி.வி. போட்டேன், அணைத்தேன். சமையலறைக்குப் போனேன். குக்கரிடம் ஏதோ சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

காலையில் தங்கைக்கு ஃபோன் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "மதுரைக்குப் போறேன்னு சொல்லிரு, எப்ப வருவேன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு" என்றேன். இந்நேரம் சொல்லியிருப்பாள்.

இருங்கள், ஃபோன்.

ஹலோ... யாரு? காளிராஜா? கத்தாதல, பஸ்ஸுக்கே கேக்கு... என்ன சந்தேகம்? ... என்னது? ஃபுளூரினா? ... யாரு எழுதிப் போட்டா? ... மிஸ்ஸா? நல்லா பாத்தியா? ... ஏல, சிரிக்காதீங்கல. மிஸ்கிட்ட குடு... சுபா? பிள்ளைககிட்ட என்னம்மா சொல்லிருக்க? ... குளோரின்மா! நீதானம்மா அடிச்சு அடிச்சுச் சொன்ன! ... ஃபுளூரின்தானா? புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு? எந்தப் பக்கத்துல? ... வந்து பாக்கவா? நான் பஸ்ல... சுபா? சுபா?

வைத்துவிட்டாள்.

கேட்டீர்களா அநியாயத்தை? படிப்பு லீவில் பிள்ளைகளைக் காலையிலேயே வரச்சொல்லி, புது வீட்டில் பலகை மாட்டி, முதல் வரியே ஃபுளூரினுக்குத்தான் எலக்ட்ரான் நாட்டம் அதிகம் என்று எழுதிப் போட்டிருக்கிறாள். காளிராஜ் இல்லை என்றானாம். வேண்டுமானால் ஆச்சியையே கேள் என்றாளாம். நான் கேட்டால் என்னிடமும் சாதிக்கிறாள். 'நம்பலன்னா நீங்களே வந்து புத்தகத்தப் பாருங்க அத்தை' என்கிறாள். பின்னால் பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள். சிரிக்காமல் என்ன செய்யும்? மிஸ்ஸே இப்படி எழுதினால்?

பாவம், வீடு மாறிய அலைச்சல். மூளை குழம்பியிருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லுகிறவள்!

இதோ திரும்பக் கூப்பிடுகிறேன்... அடிக்கிறது... எடுக்கவில்லை. உமாபதிக்குப் போட்டுப் பார்க்கிறேன்... அவனும் எடுக்கவில்லை. வங்கி நேரத்தில் நான் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். எல்லாரும் சேர்ந்து எங்கே போனார்கள்?

நாளைக்குக் கெமிஸ்ட்ரி பப்ளிக் பரீட்சை. தெரியுமா உங்களுக்கு? நாளைக்கு!

கண்டக்டர் தம்பி, இது ஸ்ரீவில்லிபுத்தூர்தானே? பஸ் ஸ்டாண்டுக்குள்ளே போகுமா? ... மதுரைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இறங்க வேண்டும் என்றால் இறங்க வேண்டும். ... உடம்புக்கு ஒன்றுமில்லை. ஃபுளூரினுக்குத்தான் உடம்பு சரியில்லை. நீங்கள் வண்டியை நிறுத்துங்கள்.

கொஞ்சம் வழி விடுங்கள் அம்மா. புது வீடு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஸ்டேஷன் பக்கம் போய், கெமிஸ்ட்ரி மிஸ் வீடு எது என்று கேட்டால் காட்ட மாட்டார்களா? அங்கே தங்கப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேராக உள்ளே போவேன், பலகையில் இருப்பதை அழிப்பேன், சரியானதை எழுதுவேன், அவ்வளவுதான். ஒருநாள் ராத்திரி இருந்து பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கும். பரீட்சை முடிந்த மறுநாளே மதுரைக்குக் கிளம்பிவிடுவேன், சத்தியமாக. அவர்கள் உடனே ப்ளஸ் டூ பாடத்தைத் தொடங்காமல் இருந்தார்கள் என்றால்.